டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்



நம் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நிற்கும் கார்களில் பலவற்றின் டேங்க் மூடியில் ‘டீசல்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பங்கில் பையன் தவறிப்போய் பெட்ரோலை ஊற்றிவிடக் கூடாதே என்பதற்காக ஒட்டுவது. பெட்ரோல், மண்ணெண்ணெய் போல டீசலும் ஓர் எண்ணெயின் பெயர் என்றுதான் அறுபது வயது வரை நானும் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். முழுப் பெயர் ருடால்ஃப் டீசல். ஜெர்மானியர். ஆனால் பிறந்தது பாரிஸில். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் இருக்கும் நமக்கு அதில் ஒரு சின்ன உறவும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் காமர்ஸ் படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எஞ்சினுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. சம்பந்தம் ஏற்படுத்தியது என் காரின் டைமிங் பெல்ட்.

சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். மரக்காணம் தாண்டியதும் கார் ஒரு சத்தத்தோடு அணைந்துவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்துவந்து ஒர்க் ஷாப்பில் பிரித்துப் பார்த்தார்கள். டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்திருந்தன. வண்டி மீது குற்றமில்லை. பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும் என்று கையேட்டில் அச்சடித்திருந்தது. அந்தக் கெடு முடிந்துவிட்டது என்று தெரிந்தும், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு முறை தள்ளிப்போட்டவன் நான்தான். பெல்ட் மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு கொடுத்தேன்.

எஞ்சின் தயாராகும் வரை ஒர்க் ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து மெக்கானிக்கிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து டீசலின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்திலிருந்து பிழைக்க வந்தவர். புத்தகம் பைண்டிங் செய்வதும் தோல் சாமான்கள் செய்வதும் தொழில். செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. பள்ளியில் கெட்டிக்காரன். பன்னிரண்டு வயதில் பதக்கம் வாங்கினான்.

அதே 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போனது. அங்கே எல்லோருக்கும் சோறு போட வழியில்லை. பன்னிரண்டு வயதுப் பையனை ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பினார்கள். அந்த உறவினர் ஒரு கணித ஆசிரியர். அந்த வீட்டில் தங்கித்தான் பையன் தொழிற்பள்ளியில் படித்தான். பதினாலாவது வயதில், தான் எஞ்சினியராகப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். பிறகு உதவித்தொகையோடு மியூனிக் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது.

அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் ஃபான் லிண்டே. இயந்திரக் குளிர்பதனத்தின் முன்னோடிகளில் ஒருவர். நம் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் அவரிடம் கடன் உண்டு. ஒரு வகுப்பில் அவர் நீராவி எஞ்சினின் கணக்கைச் சொன்னார். நிலக்கரியில் இருக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மீதியெல்லாம் வீண். நம் மொழியில் சொன்னால், நூறு ரூபாய் போட்டால் பத்து ரூபாய் சரக்குதான் கைக்கு வருகிறது. எந்த வியாபாரி இதைப் பொறுத்துக்கொள்வான்? மாணவர் டீசலின் மனதில் அந்தக் கணக்கு ஒட்டிக்கொண்டது. இருபது வயதில் பிடித்த எண்ணம், கடைசி வரை விடவில்லை.

தேர்வு நேரத்தில் டைஃபாய்டு வந்து படுத்துவிட்டார். அடுத்த முறை எழுதி 1880இல் மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினார். லிண்டே தன் ஐஸ் இயந்திரத் தொழிலுக்காக அவரைப் பாரிஸுக்கு அனுப்பினார். பகலில் ஐஸ் மெஷின் வேலை, மீதி நேரத்தில் சொந்த ஆராய்ச்சி. அம்மோனியாவில் ஓடும் எஞ்சின் ஒன்றைச் செய்து பார்த்தார். அது வெடித்து, பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதற்கிடையில் 1883இல் மார்த்தா என்ற பெண்ணை மணந்து, மூன்று குழந்தைகளும் பிறந்தார்கள்.

அவர் யோசனை என்ன என்பதை ஒரு சைக்கிள் பம்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். வேகமாகக் காற்றடித்துவிட்டு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அழுத்தினால் சூடேறும். இன்னும் பல மடங்கு அழுத்தினால் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். அந்த நொடியில் எண்ணெயைப் பீய்ச்சினால் போதும்; பெட்ரோல் எஞ்சினில் இருப்பது போல ஸ்பார்க் பிளக் வேண்டாம். அழுத்தம் கூடக்கூட, அதே எண்ணெயில் கிடைக்கும் வேலையும் கூடும். இதற்குத்தான் 1892இல் ஜெர்மனியில் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குரூப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன.

1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை. பத்தடி உயர இரும்பு எஞ்சின். எண்ணெயைப் பீய்ச்சியதும் அளவு பார்க்கும் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் இருந்தவர்கள் தப்பித்தது அதிர்ஷ்டம். ஆனால் டீசல் மனம் தளரவில்லை. அழுத்திய காற்றில் எண்ணெய் தானாகப் பற்றும் என்பது நிரூபணமாகிவிட்டதே! திரும்பப் பிரித்து, மாற்றி, கட்டினார்.

அடுத்த சோதனையில் ஒரு பெல்ட் வருகிறது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் இது. அந்த எஞ்சினைச் சுற்றிவிடுவதற்குத் தொழிற்சாலையின் பொது ஷாஃப்டிலிருந்து ஒரு பெரிய பெல்ட் போட்டிருந்தார்கள். 1894 பிப்ரவரி 17 அன்று வழக்கம்போலச் சோதனை நடந்துகொண்டிருந்தது. மேலே நின்ற தொழிலாளி லிண்டர் பெல்ட்டைக் கவனித்தார். இழுக்கும் பக்கம் மாறியிருந்தது. தொழிற்சாலை எஞ்சினை இழுக்கவில்லை. எஞ்சின்தான் தொழிற்சாலையின் ஷாஃப்டை இழுத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் தானாக ஓடுகிறது! அவர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றி டீசலுக்கு வணக்கம் சொன்னாராம். ஓடியது ஒரு நிமிடம்தான், நிமிடத்துக்கு 88 சுற்று. டீசல் எஞ்சின் பிறந்த செய்தியை முதலில் சொன்னது ஒரு பெல்ட். அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஒரு தொழிலாளி.

சரியாக மூன்று வருடம் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று, மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் அதிகாரப்பூர்வமாகச் சோதித்தார். எண்ணெயின் வெப்பத்தில் 26 சதவீதம் வேலையாக மாறியது. நூற்றுக்குப் பத்து என்றிருந்தது நூற்றுக்கு இருபத்தாறு ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் பீர் முதலாளி அடால்ஃபஸ் புஷ் அந்த நாட்டு உரிமைக்கு 10 லட்சம் மார்க் கொடுத்தார். தள்ளுவண்டி தள்ளிய பையன் நாற்பது வயதில் கோடீஸ்வரன்.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் எஞ்சினுக்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. முன்பு கிளம்பச் சொன்ன அதே ஊர் கொண்டாடியது. அங்கே ஓர் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. பிரெஞ்சு அரசாங்கத்தின் விருப்பம் அது. தன் ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையிலிருந்து அங்கேயே எரிபொருள் எடுக்க முடியுமா என்று பார்க்க நினைத்தது. நமக்கு உறவு என்று சொன்னேனே, அது இதுதான். நாம் மல்லாட்டை என்று சொல்லும் அதே கடலை, அந்தக் காலத்தில் புதுச்சேரித் துறைமுகத்தின் முக்கியமான ஏற்றுமதிச் சரக்கு. சுற்று வட்டாரத்து ஊர்களில் விளைந்தது மாட்டுவண்டியிலும் ரயிலிலும் இங்கே வந்து, கப்பலேறி மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே நடக்கும்போது கடலுக்குள் தெரியும் பழைய துறைமுகப் பாலத்தின் இரும்புத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். 1952 புயலுக்கு முன் அந்தப் பாலம் வழியாகத்தான் சரக்கு போகும். தாவர எண்ணெயில் எஞ்சின் ஓடும் காலம் வரும் என்று டீசலே பின்னாளில் பேசியிருக்கிறார். இன்று பயோடீசல் என்கிறோம்.

இதுவரை வரவுப் பக்கம். இனிப் பற்றுப் பக்கம்.

டீசல் நல்ல எஞ்சினியர், நல்ல கணக்காளர் அல்ல. புகழ் வந்ததும் உடம்பு கெட்டது. ஓயாத தலைவலி, மன உளைச்சல். 1898இல் மியூனிக்கில் ஒரு மருத்துவ இல்லத்தில் தங்க வேண்டியதாயிற்று. பேட்டன்ட் வழக்குகள் ஒரு பக்கம். விற்ற எஞ்சின்கள் சில சரியாக ஓடாமல் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பியது இன்னொரு பக்கம். மியூனிக்கில் மாளிகை கட்டினார்; 9 லட்சம் மார்க் ஆனதாகச் சொல்கிறார்கள். கலீசியா எண்ணெய் வயல்களில் பணம் போட்டார், போயிற்று. நிலம் வாங்கிப் போட்டார், அதிலும் நட்டம். வெளியே பார்த்தால் மாளிகை, கார், மேடை, மாலை. உள்ளே கடன் வாங்கிக் கடன் அடைப்பது.

வங்கியில் இருந்த காலத்தில் இப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கவுன்டரில் சிரித்துப் பேசுவார்கள். நோட்டீஸை வீட்டு விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்பார்கள். வட்டி ஏறுவதைவிட, வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அவர்களை அரித்துவிடும்.

எஞ்சின் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1912இல் டென்மார்க்கில் கட்டிய செலாண்டியா என்ற கப்பல் டீசல் எஞ்சினோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை வந்துபோனது. நீர்மூழ்கிக் கப்பல்களிலும் டீசல் ஏறியது. அதை உருவாக்கியவரின் வங்கிக் கணக்கு காலியாகிக்கொண்டிருந்தது.

1913 செப்டம்பர் 29 மாலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு புதிய எஞ்சின் தொழிற்சாலைக்காகப் பயணம். கூட இரண்டு தொழில் நண்பர்கள். இரவு சாப்பிட்டு, தளத்தில் நடந்து, பத்து மணி அளவில் அறைக்குப் போனார். காலை 6.15க்கு எழுப்பச் சொல்லியிருந்தார். காலையில் அறை காலி. படுக்கை கலையவில்லை. இரவு உடை எடுத்து வைத்தபடி இருந்தது. கைக்கடிகாரம் பரவலாகாத காலம். அவருடைய பைக் கடிகாரம் படுக்கையிலிருந்து பார்த்தால் மணி தெரியும்படி வைத்திருந்தது. தொப்பியும் மேல்கோட்டும் தளத்தின் கம்பியருகே இருந்தன. பத்து நாளுக்குப் பிறகு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடலைக் கண்டு, சட்டைப்பையில் இருந்தவற்றை மட்டும் எடுத்து வந்தார்கள். அவை அப்பாவுடையவை என்று மகன் அடையாளம் சொன்னார். வயது 55.

என்ன நடந்தது என்பது இன்று வரை முடிவாகவில்லை. விபத்து என்றும், யாரோ தள்ளிவிட்டார்கள் என்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் கிளம்பும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். அதில் 20,000 மார்க் ரொக்கமும், கணக்குகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று காட்டும் காகிதங்களும் இருந்தன. நாட்குறிப்பில் செப்டம்பர் 29ஆம் தேதிக்கு எதிரே சின்னதாக ஒரு சிலுவைக் குறி. மார்த்தா அம்மையாருக்கு வீட்டுக் கணக்கின் உண்மை நிலை தெரிந்தது அந்தப் பையைத் திறந்தபோதுதான். முப்பது வருட இல்லறம். நான் படித்ததில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

டீசல் தன் எஞ்சினைக் காரில் பார்க்கவில்லை. எண்ணெயைப் பீய்ச்ச அவர் காலத்தில் பெரிய காற்றழுத்தி தேவைப்பட்டது; அது காருக்குள் அடங்காது. பாஷ் நிறுவனம் 1927இல் சிறிய பம்ப்பைத் தயாரித்துக் கொடுத்த பிறகே வழி பிறந்தது. 1936இல் மெர்சிடஸ் டீசல் கார் வந்தது. எஞ்சினுக்குள் பல் வைத்த ரப்பர் பெல்ட் வந்தது இன்னும் பிறகு. பெருமளவில் தயாரான கார்களில் முதலாவதாக 1962இல் கிளாஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் காரில் போட்டார்கள். அதற்கு முன் செயினோ பல்சக்கரமோதான். இன்றும் சில கார்களில் செயின், சிலவற்றில் பெல்ட். உங்கள் காரில் எது என்பது கையேட்டில் இருக்கும்.

இனி, பெஞ்சில் உட்கார்ந்து நான் கற்றதைச் சொல்கிறேன். நீங்களே செய்வதற்காக அல்ல. செய்பவரிடம் சரியாகக் கேட்பதற்காக.

கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது டைமிங் பெல்ட். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடும். டீசலில் காற்றை அதிகம் அழுத்த வேண்டியிருப்பதால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே இடமே இருக்காது. அந்த நேரத்தில் வால்வு திறந்து நின்றால் இடிதான். பெல்ட் அறுந்தாலும் இதே கதி, பல் தாண்டினாலும் இதே கதி.

மாற்றும்போது முதல் சிலிண்டரின் பிஸ்டனைக் குறித்த நிலைக்குக் கொண்டுவந்து, கிராங்க்கையும் கேமையும் அதற்கென்று உள்ள பின்களால் நிறுத்துகிறார்கள். சில வண்டிகளில் டீசல் பம்ப்பின் சக்கரத்துக்கும் குறி உண்டு. பழைய பெல்ட்டைக் கழற்றி, அம்புக்குறி பார்த்துப் புதியதை மாட்டி, டென்ஷனரைக் குறிக்கு நேராக வைத்து இறுக்குகிறார்கள். பிறகு பின்களை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் திரும்பச் சரியாக உட்காருகின்றனவா என்று பார்க்கிறார்கள். கையால் சுற்றும்போது எங்கேனும் தடுத்தால் அழுத்திச் சுற்றக் கூடாது. பிரித்துத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பு முடியாமல் சாவியைப் போடக் கூடாது. எங்கள் வங்கியில் மாலையில் ரொக்கம் டேலி ஆகாமல் பெட்டகத்தைப் பூட்டக் கூடாது என்பது போல.

நீங்கள் கேட்க வேண்டியவை நான்கு. பெல்ட்டோடு டென்ஷனரும் ஐட்லர் உருளையும் புதிதா? வாட்டர் பம்ப்பை இதே பெல்ட் சுற்றுகிறதா, அப்படியானால் அதையும் இப்போதே மாற்றலாமா? பெல்ட் மீது எண்ணெய்க் கசிவு படுகிறதா? மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி ஒட்டினீர்களா? இன்னொன்று. ரப்பருக்கு ஓட்டம் மட்டுமல்ல, வயதும் உண்டு. நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களின் வண்டி அதிகம் ஓடாது. கிலோமீட்டர் ஆகவில்லை என்று விட்டுவிடுவோம். கையேட்டில் கிலோமீட்டரும் வருடமும் போட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. பெல்ட் பெரும்பாலும் முன்கூட்டிச் சத்தம் போடாது. மூடிக்குள் இருப்பதால் கண்ணிலும் படாது.

கடனும் அப்படித்தான். டீசலின் வாழ்க்கையைப் படித்த அன்று இரவு நான் ஒரு வேலை செய்தேன். வைப்புத்தொகை ரசீதுகள், பென்ஷன் கணக்கு, ஒரு நண்பருக்கு நான் போட்டிருந்த ஜாமீன் கையெழுத்து, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி என் மனைவியிடம் காட்டினேன். ஜாமீன் விஷயம் அதுவரை அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். பெல்ட்டின் கெடு தெரிந்துவிடும். கையோடு அந்த இன்னொரு நோட்டையும் எழுதிவிடுங்கள்.